சொட்டுக்கு டின் வைக்காதீர்கள்: கடை ஜெனரேட்டரில் டீசல் கசிவும் நாம் செய்ய வேண்டியதும்



சிறு துளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் சொன்ன சொல். சேமிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்கிறோம். நஷ்டமும் அதே வழியில்தான் வருகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். கடையின் பின்புறம் நிற்கும் டீசல் ஜெனரேட்டரில் சொட்டுச் சொட்டாகக் கசிவது, டீசலோடு நிற்கும் நஷ்டமல்ல. சரக்கையும், நம்மிடம் சரக்கு வாங்குகிறவரின் பெயரையும் அது கெடுத்துவிடும். எங்கள் மொத்தக் கடை அந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றது. அதை நம் சங்க உறுப்பினர்கள் பணம் கொடுக்காமலே கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

2008 முதல் சில ஆண்டுகள் நம் மாநிலத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தது நினைவிருக்கும். 2012இல் வெளி மாவட்டங்களில் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வியாபாரம் செய்தோம். மின்தராசும் கம்ப்யூட்டர் பில்லும் இல்லாமல் கல்லாவில் உட்கார முடியாத நிலை. அப்போது நம்மில் பலர் ஜெனரேட்டர் வாங்கினோம். நாங்களும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் பொருத்திய 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, கிட்டங்கிச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் வைத்தோம். டேங்க் என்ஜினுக்கு மேலே இருக்கும் வகை அது.

மூன்று ஆண்டு கழிந்ததும் டேங்க் அடியில் சொட்ட ஆரம்பித்தது. முதலில் கடைப் பையனிடம் சொல்லி ரப்பர் ஹோஸின் கிளிப்பை இறுக்கச் செய்தோம். இரண்டு நாள் நின்றது, மறுபடி சொட்டியது. இன்னும் இறுக்கினோம். பிறகு ஒரு லிட்டர் டின் ஒன்றை அடியில் வைத்தோம். காலையில் டின்னில் சேர்ந்ததை எடுத்து டேங்கிலேயே ஊற்றிவிடுவோம். டீசல் வீணாகவில்லை அல்லவா? ஆகவே நஷ்டம் இல்லை என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்ற பேச்சு ஒரு மாதம் பேச்சாகவே இருந்தது.

2013 பொங்கல் வந்தது. ஜனவரி 13ஆம் தேதி இரவு பத்து மணிக்குக் கடை கட்டினோம். திறந்தது 17ஆம் தேதி காலை ஆறு மணிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 மணி நேரம். பிற்பாடு மில்லி கிளாஸ் வைத்து அளந்தபோது மூன்று நொடிக்கு ஒரு சொட்டு. மணிக்கு 40 மில்லி. 80 மணிக்கு 3,200 மில்லி. டின் பிடித்தது 1,000 மில்லி. மீதி இரண்டு லிட்டருக்கு மேல் தரையில் ஓடியது. சுவரில் ஒயர் போகப் போட்ட துவாரம் தரைமட்டத்தில் இருந்தது. அதன் வழியாகக் கிட்டங்கிக்குள் புகுந்து, அடி வரிசையில் இருந்த துவரம்பருப்பு மூட்டைகளைத் தொட்டது. மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடவில்லை. சாக்கு என்பது விளக்குத் திரி மாதிரி. தரையில் இருப்பதை மேலே இழுத்துக்கொள்ளும்.

அன்று காலை முதல் லோடில் அந்த வரிசையிலிருந்து இரண்டு மூட்டை வெளியே போய்விட்டது. அடிச் சாக்கு கறுத்திருப்பதைச் சுமை தூக்குபவர் பார்த்தார். தண்ணீர் என்று நினைத்தார். எங்களுக்கும் வாசனை தெரியவில்லை. ஒரு மாதமாக டீசல் வாசனையிலேயே இருந்த மூக்கு அல்லவா? பகல் பதினோரு மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. ஒரு மூட்டை போன கடைக்கு டெலிபோன் செய்து பிரிக்காமல் நிறுத்திவிட்டோம். மற்றது பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்மணி நடத்தும் சிறிய மளிகைக் கடைக்குப் போயிருந்தது. அவர் மூட்டையைப் பிரித்து, இருபது கிலோவுக்கு மேல் சில்லறையாக விற்றுவிட்டார்.

மறுநாள் அவரே வந்தார். "அண்ணாச்சி, பருப்பு கொதிக்கையில லாரி வாசம் வருதுன்னு வீட்டுக்கு வீடு சொல்றாங்க" என்றார். மூட்டையின் முழு விலையையும் ஆட்டோ வாடகையையும் எடுத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். போகும்போது, "பணம் சரியாப் போச்சு அண்ணாச்சி. நான் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு திருப்பி வாங்கினேனே, அதுக்கு எந்தக் கணக்கு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பேரேட்டில் அதற்குப் பத்தியும் இல்லை.

அடுத்த நாள் மெக்கானிக் வந்து ஒரு சாண் ரப்பர் ஹோஸும் இரண்டு செப்பு வாஷரும் மாற்றினார். அரை மணி நேர வேலை. அந்தச் சாமான்களின் விலை நூறு ரூபாய்க்குள். "அண்ணாச்சி, கிளிப்பை இறுக்க இறுக்க ரப்பர்தான் அறுபடும். சொட்டு நிக்காது" என்றார். காய்ந்து விறைத்த ரப்பரை மேலும் மேலும் இறுக்கி அறுத்தவர்கள் நாங்கள்தான்.

இனி பாடத்திற்கு வருவோம்.

டீசல் போகும் பாதை

கசிவைப் பிடிக்க வேண்டுமானால் டீசல் எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும். டேங்க், டேங்கின் அடியில் உள்ள டேப், அங்கிருந்து ரப்பர் ஹோஸ், பிறகு ஃபில்டர், அடுத்து டீசல் பம்பு, பம்பிலிருந்து இரும்புப் பைப் வழியாக நாசில். நாசிலில் மிஞ்சுகிற டீசல் சிறிய ஓவர்ஃப்ளோ பைப் வழியாக டேங்குக்கோ ஃபில்டருக்கோ திரும்பி வரும். இந்தப் பாதையை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் கசிவின் குணம் வேறு.

முதல் பகுதி, டேங்கிலிருந்து பம்பு வரை. டேங்க் மேலே இருந்தால் டீசல் தன் எடையிலேயே இறங்கும். ஆகவே என்ஜின் நின்றிருந்தாலும் சொட்டும். எங்கள் கடைக் கசிவு இந்த வகைதான்.

இரண்டாவது, டேங்க் கீழே அடிச்சட்டத்தில் இருக்கும் பெரிய ஜெனரேட்டர்கள். இவற்றில் டீசலை மேலே உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பாதையில் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். தரையில் சொட்டு இருக்காது. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்; ஓடும்போது வேகம் ஏறி இறங்கும்; திடீரென்று நின்றுவிடும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். அடிக்கடி ஏர் பிடித்தால், எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை என்று பொருள்.

மூன்றாவது, பம்புக்கும் நாசிலுக்கும் இடையே உள்ள இரும்புப் பைப். இது அபாயமான இடம். லாரி டயரில் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அளவு என்றால், இந்தப் பைப்பில் அதைப் போல் இருபது மடங்குக்கு மேல். இங்கே ஊசித்துவாரம் விழுந்தால் டீசல் சொட்டாது. கண்ணுக்குத் தெரியாத பனி போலப் பீய்ச்சும். கையை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நான்காவது, ஓவர்ஃப்ளோ பைப். பெரும்பாலும் மெல்லிய பைப்பாக இருக்கும். என்ஜின் ஓடும்போது மட்டும் நனையும். நிறுத்தினால் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

வேலை தொடங்குமுன்

என்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆற விடவும். மின்சாரம் போனதும் தானே ஸ்டார்ட் ஆகும் வகை ஜெனரேட்டராக இருந்தால், பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். நாம் குனிந்து பார்க்கிற நேரத்தில் மின்சாரம் போனால் என்ஜின் நம் கையோடு சேர்ந்து சுற்றும்.

தீக்குச்சி, மெழுகுவர்த்தி, பீடி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. டார்ச் வெளிச்சம் போதும். நம் கடைகளில் காலையும் மாலையும் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுவது வழக்கம். ஆயுத பூஜையன்று ஜெனரேட்டருக்கே சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். கசிவு இருக்கும்போது அந்த இடத்தில் இவை வேண்டாம்.

'டீசல் என்ன, பெட்ரோலா, பற்றிக்கொள்ள?' என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டு டீசலுக்கு வகுத்த தரம், 35 டிகிரி வெப்பம் வரையிலாவது அதன் ஆவி தீப்பற்றாமல் இருக்க வேண்டும் என்பது. நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு தாராளமாக இருக்கும். சைலன்சரின் சூடு அதைப் போல் பல மடங்கு. சாக்கிலும் துணியிலும் ஊறிய டீசல் திரி போல எளிதில் பற்றும். அருகில் எண்ணெய் டின்னும் காலி அட்டைப்பெட்டியும் அடுக்கியிருந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

சில சிறு கடைகளில் கையில் தூக்கிப் போகும் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து போய்த் தூரத்து நெருப்பிலும் பற்றும். அதில் கசிவு கண்டால் டேப்பை மூடி, வெளியே திறந்த இடத்துக்கு எடுத்துப்போய், மெக்கானிக்கை அழைப்பது ஒன்றே வழி. கீழே சொல்வதெல்லாம் டீசல் ஜெனரேட்டருக்கு மட்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே ஓர் இணைப்பில் கசிந்த டீசல் பைப்பின் மேலேயே வழிந்து, தாழ்ந்த இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து அங்கே ஸ்பேனர் போடுவது வீண். நாங்கள் செய்த தவறுகளில் அதுவும் ஒன்று.

முதலில் டேங்க், ஹோஸ், ஃபில்டர், பம்பு எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்கவும். ஒரு மாதத் தூசியும் பிசுக்கும் இருந்தால் எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. நன்றாக உலர்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகமான இணைப்புகளின் மேல் மெல்லியதாகத் தூவவும். கடையில் இருக்கிறதே என்று கோலமாவை எடுக்க வேண்டாம். அது கல்பொடி, பம்புக்குள் போனால் உராய்ந்து கெடுக்கும். பவுடர் தூவி, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து, டேப்பைத் திறந்து கால் மணி நேரம் காத்திருங்கள். வெள்ளையில் முதலில் எந்த இடம் நனைகிறதோ அதுதான் கசியும் இடம்.

ஒன்றும் நனையவில்லை என்றால் பவுடரைத் துடைத்துவிட்டு, கழற்றிய பாட்டரி ஒயரை மாட்டி, என்ஜினை ஓட்டித் தள்ளி நின்று பாருங்கள். ஓவர்ஃப்ளோ பைப் நனைகிறதா என்று டார்ச் அடித்தால் தெரியும். இரும்புப் பைப்பின் பக்கம் சந்தேகம் இருந்தால் நீளமான குச்சியில் ஓர் அட்டையைக் கட்டி அருகில் காட்டவும். பீய்ச்சினால் அட்டையில் கறை விழும். கை மட்டும் போகக் கூடாது. அப்படித் தோலில் டீசல் துளைத்துவிட்டால் எறும்புக்கடி போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இருக்காது. அதைப் பார்த்து ஏமாறாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பீய்ச்சியது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

மறுபடி வேலையைத் தொடங்கும்போது, மேலே சொன்னபடி என்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும்.

நாமே செய்யக்கூடிய மூன்று வேலைகள்

ஒன்று, ஹோஸ் மாற்றுதல். ரப்பர் ஹோஸின் முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ, வெடித்தோ, பிசுபிசுவென்று ஊதியோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டேப்பை மூடி, அடியில் தட்டு வைத்து, பழைய ஹோஸைக் கழற்றி, அதே உள்ளளவில் டீசலுக்கென்றே விற்கும் ஹோஸை வாங்கிப் போடவும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் வேண்டாம். டீசலில் சில நாளில் விறைத்து வெடித்துவிடும். புது ஹோஸ் சைலன்சரைத் தொடாமலும் மடங்காமலும் போக வேண்டும். கிளிப்பையும் புதிதாகப் போடவும். கிளிப் ரப்பரில் பதிந்து நிற்கும் அளவு இறுக்கினால் போதும். ரப்பர் பிதுங்கினால் அதிகம். ஹோஸ் நல்ல நிலையில் இருந்து முனை மட்டும் வெடித்திருந்தால், நீளம் இடம் கொடுக்கிறபோது அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பொருத்தலாம்.

இரண்டு, வாஷர் மாற்றுதல். ஃபில்டரிலும் பம்பிலும் பைப் வந்து சேரும் இடத்தில், நடுவில் துளையுள்ள ஒரு போல்ட் இருக்கும். மெக்கானிக்குகள் பான்ஜோ போல்ட் என்பார்கள். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு செப்பு வாஷர். கசிவைத் தடுப்பது மரை அல்ல, இந்த வாஷர்தான். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக உட்காராது. ஆகவே போல்ட்டைக் கழற்றினால் இரண்டு வாஷரையும் புதிதாகப் போடவும். அவசரத்துக்குப் புதியது கிடைக்காவிட்டால், பழைய செப்பு வாஷரை என்ஜினிடமிருந்து தூரத்தில், வீட்டு அடுப்பில் மங்கலான சிவப்பு ஏறும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகி மென்மையாகும். கரியைத் துடைத்துவிட்டு ஒரு தடவை பயன்படுத்தலாம். அலுமினிய வாஷருக்கு இது செல்லாது. வாஷர் உட்காரும் முகத்தில் தூசியோ மணலோ இருக்கக் கூடாது. பவுடரையும் துடைத்துவிட்டே இணைப்பைத் திறக்க வேண்டும். இறுக்கும்போது, ஒரு ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருகவும். பிடிக்காமல் திருகினால் பைப்பே முறுக்கிக்கொள்ளும்.

மூன்று, ஃபில்டரின் ரப்பர் வளையம். ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதியது ஏறி உட்காரும். அங்கே கட்டாயம் கசியும். பழையதை எடுத்துவிட்டு, புதிய வளையத்தில் சிறிது டீசல் தடவி, கோணாமல் பொருத்தவும்.

இந்த வேலைகள் முடிந்ததும் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, டீசலை வர விடவும். கைப்பம்பு இருந்தால் அதை அழுத்தவும். நுரையும் குமிழும் நின்று தெளிந்த டீசல் வந்தபின் திருகை இறுக்கிவிட்டு, சிந்தியதைத் துடைத்து, பாட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யவும். கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அன்றிரவு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, டேப்பைத் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம். நாம் கடையில் இருக்கும் நேரத்திலேயே இரண்டு மணி நேரம் திறந்து வைத்துப் பார்த்தால் போதும். காகிதம் வெள்ளையாக இருந்தால் வேலை முடிந்தது.

செய்யக் கூடாதவை

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை டீசல் இணைப்பில் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு பிய்ந்து போய் நாசிலை அடைக்கும். மேலே சொன்னபடி, இங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல. எனவே டேப்பால் பயனும் இல்லை.

டேங்க் வெடிப்பில் சோப்பு தேய்த்து அடைப்பது லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். எம்-சீல் அப்புவதும் அப்படியே. நடுவழியில் நின்றவர் ஊர் போய்ச் சேர அது உதவும். நமக்கு மெக்கானிக் வரும்வரை ஒரு பொழுதுக்கு உதவலாம். அதையே வைத்தியம் என்று விட்டுவிடக் கூடாது.

டேங்க் ஓட்டையை நாமே வெல்டிங் பட்டறைக்கு அனுப்பி அடைக்கச் சொல்வதும் ஆபத்து. காலி டேங்கில் டீசல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். சின்ன ஜெனரேட்டருக்குப் புது டேங்க் போடுவதே நல்லது.

இரும்புப் பைப், பம்பு, நாசில் ஆகிய மூன்றிலும் கசிவு என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடவும். இதில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமல்ல.

சிந்திய டீசலும் பட்ட சரக்கும்

தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. தண்ணீரோடு மிதந்து இன்னும் பரவும். உலர்ந்த மணலையோ மரத்தூளையோ கொட்டி ஊற விட்டு, கூட்டி அள்ளி, பிறகு சோப்புத் தண்ணீரால் துடைக்கவும். அள்ளியதைச் சாக்கடையில் தள்ளாமல் தனியே மூடி வைத்து அப்புறப்படுத்த வேண்டும். துடைத்த துணியைச் சைலன்சர் அருகே போடக் கூடாது. டீசலில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பரப்பும். மணலும், உலர் பவுடர் தீயணைப்பானும்தான் ஏற்றவை. தீயணைப்பான் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால் தீப்பிடித்த நேரத்தில் எடுக்க முடியாது. சற்றுத் தள்ளி, கதவருகே மாட்டவும்.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். டீசல் பட்ட பருப்பையோ அரிசியையோ வெயிலில் காயப்போட்டு வாசனையைப் போக்கிவிடலாம் என்று எவரேனும் யோசனை சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். மேல்வாசனை குறையும், உள்ளே ஊறியது போகாது. உலையில் கொதிக்கும்போது வெளியே வரும். தேயிலை, காப்பித்தூள், மைதா, பால்பவுடர் போன்றவை டீசல் தொடாமலே, பக்கத்தில் இருந்தால்கூட வாசனையை இழுத்துக்கொள்ளும். மாட்டுத் தீவனத்துக்காவது தள்ளிவிடலாம் என்பதும் தவறு. வாயில்லாத ஜீவன் புகார் சொல்லாது என்பதால் அது நியாயமாகிவிடாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் இப்படிப்பட்ட சரக்கை விற்கக் கூடாது. நாங்கள் ஆறு மூட்டையையும் தள்ளுபடி எழுதினோம்.

தடுக்கும் வழி

கடை கட்டும்போது கல்லாவைப் பூட்டுவது போலவே டேங்க் டேப்பையும் மூட வேண்டும். இந்த ஒரு பழக்கம் எங்களிடம் இருந்திருந்தால் 80 மணி நேரமும் ஒரு சொட்டு விழுந்திருக்காது. தானே ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் விடுமுறை நாட்களிலாவது அதை நிறுத்தி டேப்பை மூடிச் செல்லலாம். குளிர்பதனப் பெட்டிக்காக மூட முடியாது என்றால் தினமும் ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டும்.

ஜெனரேட்டருக்கும் சரக்குக்கும் நடுவே சுவர் இருந்தால் மட்டும் போதாது. தரைமட்டத் துவாரங்களைச் சிமெண்டால் அடைக்கவும். ஜெனரேட்டரைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் செங்கல் வரம்பு கட்டினால், டேங்கே காலியானாலும் டீசல் அதற்குள் நிற்கும். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேலேயே அடுக்கவும்.

பெட்ரோலியச் சட்டத்தின்படி டீசலை ஓர் இடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்த ஒரு பாத்திரத்திலும் 1,000 லிட்டருக்கு மிகாமல், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். சட்டம் இடம் தருகிறது என்று மளிகைக் கடையில் பீப்பாய் வைப்பது புத்தியல்ல. ஒரு கேன் போதும். அதையும் சரக்கோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

மாதம் முதல் தேதி இருப்பு எடுக்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி ஹோஸை அழுத்திப் பார்த்து, இணைப்புகளைத் துடைத்துப் பார்த்து, சிட்டையில் ஒரு வரி எழுதி வைக்கவும். ஹோஸ் மாற்றிய தேதியையும் குறித்து வையுங்கள். எங்கள் கடையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறோம்.

இப்போது மின்வெட்டு முன்போல் இல்லை. ஆகவே ஜெனரேட்டர் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. சும்மா நிற்கும்போதுதான் ரப்பர் காய்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாப் பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டதை அப்படி ஒரு நாளில் இழுத்து ஓட்டும்போது கசிந்தால், மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்; ஹோஸ் விற்கும் கடையும் திறந்திருக்காது. ஒரு சாண் ஹோஸ், ஒரு ஜோடி கிளிப், நான்கு வாஷர் ஆகியவற்றை ஒரு பொட்டலமாகக் கல்லாவிலேயே வைத்திருங்கள்.

முடிவாக ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 மில்லி என்றால் நாளைக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். இதை டின் வைத்துப் பிடித்து மீட்டுவிடலாம். ஆனால் ஆறு மூட்டைப் பருப்பை மீட்க முடியவில்லை. ஒரு சிறு வியாபாரி வீடு வீடாகப் போய் நின்றதை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. மொத்த வியாபாரியின் கவனக்குறைவுக்குச் சில்லறை வியாபாரிதான் ஊரில் பதில் சொல்கிறார்.

அந்தப் பெண்மணி இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் அன்று முதல் ஒவ்வொரு மூட்டையின் வாயையும் பிரித்து, ஒரு கை அள்ளி மோந்து பார்த்த பிறகே வண்டியில் ஏற்றச் சொல்கிறார். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. அது அவர் உரிமை. புதிதாகச் சேரும் ஆட்கள், 'ஏன் இந்த அம்மா இப்படிச் செய்கிறார்?' என்று கேட்டால், அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் டேப்பை மூடித் திறக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

உங்கள் ஜெனரேட்டருக்கு அடியில் இன்று ஒரு டின் இருக்கிறதா? இருந்தால், இன்று கடை கட்டுமுன் டேப்பை மூடுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக ஹோஸைப் பாருங்கள்.